உடல் பருமன்: படுக்கையைச் சுமப்பது யார்?



சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறு. இரண்டாம் திருப்பலி முடிந்தபின் ஐயப்பன்தாங்கலில் நம் பங்கு வளாகத்தில் இலவச மருத்துவ முகாம் நடந்தது. இரத்த அழுத்தம் பார்க்க ஒரு மேசை, சர்க்கரை பார்க்க ஒரு மேசை, கண் பார்க்க ஒரு மேசை. மூன்றிலும் நீண்ட வரிசை. நடுவில் எல்லார் கண்ணிலும் படும்படி எடை பார்க்கும் இயந்திரம். அதன் அருகில் மட்டும் வரிசை இல்லை. செவிலியர் அழைத்தால், பெண்கள் சேலைத் தலைப்பால் வாயை மூடிச் சிரித்தபடி நகர்ந்து போனார்கள். ஆண்கள் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார்கள். அன்பிய வேலை எதுவானாலும் முன்னால் நிற்கும் ஒரு சகோதரி, "ஃபாதர், என் சர்க்கரை எவ்வளவுன்னு மைக்ல வேணும்னாலும் சொல்லுங்க. எடையை மட்டும் கேக்காதீங்க" என்றார். எல்லாரும் சிரித்தோம். இரவு அந்தச் சிரிப்பே நம்மை உறுத்தியது.

சர்க்கரை நோயை நம் மக்கள் மறைப்பதில்லை. "எனக்குச் சுகர்" என்று காப்பிக் கடையிலும் கல்யாண வீட்டிலும் சத்தமாகவே சொல்கிறார்கள். எடை என்றால் மட்டும் ஏன் இந்த வெட்கம்? சர்க்கரை வந்தது, ஆனால் எடையைத் தானே தேடிக்கொண்டார் என்று எண்ணுகிறோம். தின்று தின்று வளர்த்த உடம்பு, வேலை செய்யாத உடம்பு என்று நமக்குள் ஒரு தீர்ப்பு எப்போதும் தயாராக இருக்கிறது.

அந்தத் தீர்ப்பை எழுதியதில் திருச்சபையின் ஊழியர்களாகிய நமக்கும் பங்கு உண்டு. சிறுவயதில் மறைக்கல்வியில் தலையான பாவங்கள் ஏழு என்று மனப்பாடம் செய்தோமே, அதில் போசனப்பிரியமும் உண்டு, சோம்பலும் உண்டு. பருத்த உடம்பைப் பார்த்ததும் இரண்டு பாவங்களையும் ஒரே ஆளின் தலையில் ஏற்றிவிடுவது நமக்கு எளிதாகிவிட்டது. வேறு யாரையும் குறை சொல்வதற்கு முன் நம் குற்றத்தைச் சொல்லிவிடுகிறோம். பீடப் பணியாளர்களுக்குப் புது அங்கி அளவெடுத்த நாளில், பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனைப் பார்த்து, "உனக்கு அங்கித் துணி பத்தாதுடா, கோயில் திரைச்சீலையைத்தான் தைக்கணும்" என்று வேடிக்கையாகச் சொன்னோம். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அடுத்த ஞாயிறு முதல் அவன் பீடத்திற்கு வரவில்லை. பரீட்சை என்றார்கள் வீட்டில். பரீட்சை முடிந்தும் வரவில்லை.

மறைந்த நம் திருத்தந்தை பிரான்சிஸ் 2024 ஜனவரி 10 அன்று தம் புதன் மறைக்கல்வி உரையில் போசனப்பிரியத்தை எடுத்துப் பேசினார். கானா ஊர்த் திருமணத்திற்குப் போனவர், பாவிகளோடு பந்தியில் அமர்ந்தவர் நம் ஆண்டவர் என்பதிலிருந்து தொடங்கினார். உணவைவிட, உணவோடு நாம் வைத்திருக்கும் உறவுதான் சிக்கல் என்றார். வசதி பெருகிய சமூகங்களில் அளவுக்கு மீறி உண்பதும் உண்ணாமல் வாடுவதும், பலரும் தனிமையில் உண்பதும் பெருகிவிட்டதைச் சுட்டிக்காட்டினார். பருமனை அவர் அந்த வேதனைகளின் வரிசையில் வைத்துப் பேசினார். பருத்தவர்களைத் திட்டவில்லை. அந்த வேறுபாட்டை நாம் கவனிக்க வேண்டும்.

இனி நாட்டு நடப்பிற்கு வருவோம். தேசிய குடும்ப நல ஆய்வு என்று மத்திய அரசு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுக்கும் கணக்கு இருக்கிறது. 15 முதல் 49 வயது வரையுள்ள தமிழ்நாட்டுப் பெண்களில், உடல் நிறைக் குறியீடு 25-ம் அதற்கு மேலும் உள்ளவர்கள் 2015-16-இல் 30.9 விழுக்காடு. 2019-21-இல் 40.4 விழுக்காடு. ஆண்களில் 28.2-இலிருந்து 37 ஆனது. இந்தியா முழுவதற்குமான கணக்கில் பெண்கள் 24, ஆண்கள் 22.9 விழுக்காடுதான். ஆக, நம் மாநிலம் நாட்டின் சராசரியைவிட மிகவும் முன்னால் போய்விட்டது. அதே ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உள்ளவர்கள். பருத்த உடம்பிலேயே சத்துக்குறைவும் இருக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு ஒன்று யோசித்துப் பாருங்கள். ஐந்தே ஆண்டுகளில் பத்துப் பெண்களுக்கு ஒருவர் வீதம் புதிதாகப் போசனப்பிரியத்தில் விழுந்துவிட்டார்கள் என்றா சொல்ல முடியும்? நம் தாய்மாரின் மனவுறுதி அதற்குள் தேய்ந்துவிட்டதா? இல்லை. மாறியது அவர்களைச் சுற்றியிருக்கும் உலகம்.

அதற்கு நம் ஐயப்பன்தாங்கலே போதும். மவுண்ட் - பூந்தமல்லி சாலையில் போரூரிலிருந்து காட்டுப்பாக்கம் வரை காலார நடந்து பார்க்கச் சொல்லுங்கள் யாரையாவது. மெட்ரோ தூண்கள் எழும்பிய ஆண்டுகளில் நடப்பதற்கென்று இருந்த ஓரமும் சுருங்கிப்போனது. காலை ஐந்தரைக்குக் கம்பெனிப் பேருந்துக்காக நிற்கிறவர் ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை என்று போய், மாலை இருட்டியபின் திரும்புகிறார். மணப்பாக்கம் கணினிக் கம்பெனிகளில் இரவு வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு இரவு பன்னிரண்டு மணிதான் மதியச் சாப்பாட்டு நேரம். வேலை முடிந்து பணிமனை நிறுத்தத்தில் இறங்கினால் கண்ணில் படுவது சிக்கன் பக்கோடா, பரோட்டா, ஃபிரைட் ரைஸ், பேக்கரி பஃப்ஸ். சமைக்க வீட்டில் யாருக்கும் உடம்பில் தெம்பில்லை. பெட்டிக்கடை வாசலில் ஐந்து ரூபாய், பத்து ரூபாய்ப் பொட்டலங்கள் சரம் சரமாகத் தொங்குகின்றன. ஐந்து ரூபாய்க்கு ஒரு வாழைப்பழம்கூட வராது. பிள்ளை எதைக் கேட்கும்? தாய் எதை வாங்குவாள்?

மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கிறது, மற்ற நாட்களில் வண்டிகள் நிற்கின்றன. பெண்கள் நடைப்பயிற்சி செய்ய வேண்டுமானால் அடுக்குமாடிக் கட்டடத்தின் கார் நிறுத்துமிடத்தைச் சுற்றிச் சுற்றி வரவேண்டும். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை.

பசியை வென்ற மாநிலம் நம்முடையது. அதை மறந்துவிட்டு இதைப் பேசக்கூடாது. 1956-இல் காமராசர் மதிய உணவைத் தொடங்கினார், 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். ரேஷன் கடை எல்லாருக்கும் திறந்திருக்கிறது. 2007 முதல் துவரம்பருப்பும் பாமாயிலும் மலிவு விலையில் கிடைத்தன. 2011 ஜூன் முதல் அரிசிக்கு விலையே இல்லை. பட்டினி கிடந்த தலைமுறையைக் கேட்டுப் பாருங்கள், இந்தக் கடை அவர்களுக்கு எப்படிப்பட்ட அருள் என்று. நாம் அதைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் அரிசி, சர்க்கரை, எண்ணெய் என்ற மூன்றும் பசியை விரட்ட வகுத்த பட்டியல். வயலிலும் செங்கல் சூளையிலும் உழைத்த உடம்புக்கு அது சரியாக இருந்தது. நாள் முழுதும் நாற்காலியில் இருக்கும் உடம்புக்கு அதே பட்டியல் போதுமா? 2023-இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். உணவுத்துறை எடுத்த இந்த ஒரு முடிவுக்குச் சுகாதாரத்துறையின் நூறு சுவரொட்டிகள் ஈடாகுமா என்று தெரியவில்லை.

இங்கேதான் நாம் சொல்ல வந்த செய்தி இருக்கிறது. பருமன் பல கைகள் சேர்ந்து உண்டாக்கிய சுமை. சாலை போட்டவர், கடை வைத்தவர், வரி விதித்தவர், வேலை நேரம் வகுத்தவர், பள்ளி நடத்துகிறவர், பிரசங்கம் வைத்தவர் எல்லாருமாகச் சேர்ந்து கட்டிய மூட்டையை ஒரே ஆள் இறக்கிவைக்க வேண்டும் என்கிறோம். இறக்க முடியாதபோது அவரைப் பார்த்துச் சிரிக்கிறோம்.

மாற்கு நற்செய்தி இரண்டாம் அதிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கப்பர்நாகூமில் முடக்குவாதக்காரர் ஒருவரை நான்குபேர் சுமந்து வருகிறார்கள். வாசலில் கூட்டம். வழிவிட யாருமில்லை. அந்த நால்வரும் கூரையைப் பிரித்துப் படுக்கையோடு அவரை இறக்குகிறார்கள். ஆண்டவர் கண்டது அவர்களுடைய நம்பிக்கையை என்று மாற்கு எழுதுகிறார். இதைப் பலமுறை பிரசங்கித்திருக்கிறோம். ஆனால் ஒன்றை எண்ணிப் பார்த்ததில்லை: நால்வரும் ஒரே திசையில் நடந்ததால்தான் படுக்கை கவிழவில்லை.

நம் நாட்டில் சுமப்பவர்கள் ஒரே திசையில் நடக்கிறார்களா? 2025-ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஆண்டின் தொடக்கத்தில் பிரதமர் சமையல் எண்ணெயைப் பத்து விழுக்காடு குறையுங்கள் என்று நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டார். ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், உணவுப் பொட்டலங்களின் முன்பக்கத்தில் எச்சரிக்கை அச்சிடுவது பற்றி விரைந்து முடிவெடுக்கும்படி அரசுக்குக் கெடு விதித்தது. அந்தக் கெடு பின்னர் நீண்டது. சிலே நாட்டில் 2016 முதலே சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுந்த பொட்டலங்களின் முகப்பில் கறுப்பு எண்கோண முத்திரை இருக்கிறது. மே மாதம் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம், எந்தப் பானத்தில் எவ்வளவு சர்க்கரை என்று காட்டும் பலகையைப் பள்ளிகளில் வைக்கச் சொன்னது. நல்லது. செப்டம்பர் 22 அன்று புதிய ஜி.எஸ்.டி. விகிதங்கள் வந்தன. சர்க்கரை கலந்த குளிர்பானங்களுக்கு 40 விழுக்காடு. அதே நாளில் பிஸ்கட், சாக்லேட், ஐஸ்கிரீம், பொட்டல மிக்சர் வகைகளுக்கு 12, 18 என்றிருந்த வரி 5 ஆகக் குறைந்தது. விலை குறைந்தால் ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் ஒரு பிஸ்கட் கிடைக்குமே என்று கேட்கலாம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு கை பலகையில் எச்சரிக்கை எழுத, மறு கை அதே பண்டத்தை மலிவாக்கினால் சுமக்கப்படுகிறவர் என்ன ஆவார்?

பள்ளிகளைப் பற்றிய சட்டத்தையும் சொல்லவேண்டும். கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த பண்டங்களைப் பள்ளிச் சிற்றுண்டிச் சாலையிலும், பள்ளியைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் விற்கக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-இல் விதி செய்தது. நம் கத்தோலிக்கப் பள்ளிகளின் வாயிலில் நின்று ஐம்பது மீட்டரை எண்ணிப் பார்க்க நமக்குத் துணிவு இருக்கிறதா? வாயிலுக்கு வெளியே இருக்கட்டும், வாயிலுக்கு உள்ளே? 250 மில்லி குளிர்பானத்தில் ஏறத்தாழ 25 கிராம் சர்க்கரை இருக்கிறது. ஒரு நாள் முழுவதற்குமே சேர்க்கும் சர்க்கரை அந்த அளவுக்குள் நின்றால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். விளையாட்டு விழாவில் முதல் பரிசு வாங்கிய பிள்ளைக்கு நாமே அந்தப் பாட்டிலைக் கையில் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிறோம்.

சரியாக நடந்த ஒன்றையும் சொல்வோம். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. 1,545 அரசு தொடக்கப் பள்ளிகள், ஒரு லட்சத்துப் பதினான்காயிரம் பிள்ளைகள். அடுத்த ஆண்டு மாநிலம் முழுவதும் அரசுப் பள்ளிகளுக்கு விரிந்தது. நம் சபைப் பள்ளிகளின் பிள்ளைகள் மட்டும் வெறும் வயிற்றோடு பக்கத்துப் பள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதுவும் மாறியது. 2024 ஜூலை 15 அன்று ஊரகப் பகுதியின் அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு இத்திட்டம் வந்தபோது, அதைத் தொடங்கி வைத்த இடம் திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் நம் புனித அன்னாள் தொடக்கப் பள்ளி. 2025 ஆகஸ்டு 26 அன்று நகர்ப்புறப் பள்ளிகளுக்கு விரிந்தபோது, தொடக்க விழா மயிலாப்பூர் புனித சூசையப்பர் தொடக்கப் பள்ளியில்.

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்தத் தட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். உப்புமா, கிச்சடி, பொங்கல், காய்கறி சாம்பார். காலையில் வயிறு நிரம்பிய பிள்ளை பத்தரை மணி இடைவேளையில் பொட்டலக் கடைக்கு ஓடுவதற்கு அவசியம் குறைகிறது. அரசு பணம் தருகிறது, உள்ளாட்சி கவனிக்கிறது, மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள் சமைக்கிறார்கள், அருட்சகோதரிகளின் பள்ளி இடம் தருகிறது. யாரும் யாருடைய வேலையையும் பறிக்கவில்லை. ஒத்துழைப்பு என்று மாநாடுகளில் பேசுவது இப்படித்தான் இருக்கும் போலும்: காலை எட்டு மணிக்கு அடுப்பு எரிந்தாக வேண்டும், அவ்வளவுதான்.

வெளிநாட்டிலிருந்தும் ஒரு செய்தி. நாம் படித்ததிலேயே நமக்கு மிகவும் பிடித்தது இது. பின்லாந்து நாட்டின் கிழக்கே வட கரேலியா என்றொரு மாநிலம். 1970 வாக்கில் அங்கே நடுவயது ஆண்கள் மாரடைப்பில் விழுந்துகொண்டே இருந்தார்கள். 1972-இல் பெக்கா புஸ்கா என்ற இளம் மருத்துவர் தலைமையில் ஒரு திட்டம் தொடங்கியது. மருத்துவமனையில் உட்கார்ந்து அறிவுரை சொல்வதோடு அவர்கள் நிற்கவில்லை. பால் பண்ணைக்காரர்களிடம் போனார்கள், இறைச்சிப் பண்டம் செய்கிறவர்களிடம் கொழுப்பைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சினார்கள், வெண்ணெய்க்கு மாற்றுத் தேடினார்கள். வீடுகளுக்குள் நுழைய வழிகாட்டியது ஒரு மகளிர் சங்கம். ஊர் ஊராக விருந்து வைத்து, பழைய உணவையே கொழுப்புக் குறைத்து, காய்கறி கூட்டிச் சமைத்துக் காட்டியவர்கள் அந்தப் பெண்கள். அந்தச் சங்கத்தின் பெயர் என்ன தெரியுமா? மார்த்தா! பெத்தானியாவில் ஆண்டவருக்குச் சமைத்துக் களைத்த அதே மார்த்தாவின் பெயர். சில பத்தாண்டுகளில் அந்த மாநிலத்தின் உழைக்கும் வயது ஆண்களிடையே இதயநோய்ச் சாவு 80 விழுக்காட்டிற்கு மேல் குறைந்தது. மரியா நல்ல பங்கைத் தேர்ந்துகொண்டாள் என்று பிரசங்கித்தே பழகிய நமக்கு, மார்த்தாவின் அடுப்பும் உயிர்காக்கும் என்று கரேலியப் பெண்கள் காட்டியிருக்கிறார்கள்.

ஆம்ஸ்டர்டாம் நகரமும் குழந்தைகளின் எடைக்காக 2013-இல் இப்படியொரு திட்டத்தை எடுத்தது. பள்ளி, விளையாட்டு மைதானம், குடிநீர்க் குழாய், குழந்தைகள் நல மருத்துவர், கடைக்காரர் என்று எல்லாரையும் நகர நிர்வாகமே ஒன்றாக இழுத்து வந்தது. நம் ஊரில் இத்தனை பேரை ஒரு மேசைக்கு யார் அழைப்பது? ஊராட்சியா, சுகாதார நிலையமா? யார் அழைத்தாலும் போவோம். யாரும் அழைக்காவிட்டால் நாம் அழைக்கலாம். நாற்காலி நம்மிடம் நிறைய இருக்கிறது.

இனிச் சிகிச்சை. தடுப்பதைப் பற்றி எளிதாகப் பேசிவிடுகிறோம். ஏற்கெனவே பருத்துவிட்டவர்களை என்ன செய்வது? அவர்களுக்கு நடக்கச் சொல்லும் அறிவுரை மட்டும் போதாது. முழங்கால் தேய்ந்தவர் எப்படி நடப்பார்? தைராய்டு, மாதவிடாய்க் கோளாறு, தூக்கமின்மை, மனச்சோர்வுக்குச் சாப்பிடும் சில மாத்திரைகள் என்று எடைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் காரணங்கள் பல. மருத்துவர், உணவு ஆலோசகர், இயன்முறைச் சிகிச்சையாளர், மனநல ஆலோசகர் சேர்ந்து கவனிக்கவேண்டியது இது. உடல் எடையில் ஐந்து விழுக்காடு குறைந்தாலே சர்க்கரையும் அழுத்தமும் இறங்கத் தொடங்கும் என்கிறார்கள் மருத்துவர்கள். எண்பது கிலோ உள்ளவருக்கு அது நான்கு கிலோ. அதைச் சொன்னால் நம்பிக்கை வரும். "நாற்பது கிலோ குறை" என்றால் யார் எழுந்து நடப்பார்?

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், அழுத்தத்திற்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி வந்து பார்த்து மாத்திரை தருவதற்காக வகுக்கப்பட்டது. 2024-இல் ஐ.நா. விருதும் பெற்றது. வீட்டு வாசலுக்கு வரும் அந்தச் சகோதரியிடம் நம் மக்கள் தங்கள் எடையையும் இடுப்பளவையும் கேட்டுப் பார்க்கலாம். இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90 தாண்டினால் கவனிக்க வேண்டும். தையற்கடை நாடா போதும், இயந்திரம்கூட வேண்டாம்.

புதிய ஊசி மருந்துகள் 2025-இல் இந்தியாவிற்கு வந்தன. மார்ச்சில் டிர்செபடைட், ஜூனில் எடைக் குறைப்புக்கான செமாகுளுடைட். வந்தபோது மாதச் செலவு பத்தாயிரம் ரூபாயைத் தாண்டியது. செமாகுளுடைட் மீதான காப்புரிமை இந்தியாவில் 2026 மார்ச் வரைதான் என்பதால் உள்ளூர் நிறுவனங்களின் மலிவான மருந்துகளுக்கு அதில் வழி உண்டு. ஆனால் மருத்துவர் கண்காணிப்பில்லாமல், "அவங்க போட்டாங்க, நானும் போட்டேன்" என்று போடும் ஊசி அல்ல இது. அறுவை சிகிச்சையும் அப்படியே. தேவையானவர்களுக்கு அது மறுவாழ்வு. ஆயினும் 2024 ஏப்ரலில் பம்மலில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு எடை குறைக்கும் அறுவைக்காக வந்த இளைஞர் ஒருவர் இறந்துபோனதை நாம் மறக்கவில்லை. வசதிகளைத் தணிக்கை செய்யும் அரசின் கண்ணும் இந்தப் படுக்கையின் ஒரு மூலையைப் பிடிக்கவேண்டிய கைதான்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறோம். பால்போலக் கலக்கிக் குடிக்கும் எடை குறைப்புப் பொடிகளை, அன்பியக் கூட்டம் முடிந்ததும் நம் சகோதரிகள் சிலரே விற்கிறார்கள். ஒரு டப்பா இரண்டாயிரம், மூவாயிரம். வாங்கியவர் பத்துப் பேரைச் சேர்த்தால் அவருக்குக் கழிவு. விற்கிறவர்களும் கஷ்டப்படுகிறவர்கள்தாம், நமக்குத் தெரியும். ஆனாலும் செபக்கூட்டத்தை அதற்கான சந்தையாக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம். இரண்டு குடும்பங்கள் நம்மோடு பேசுவதில்லை.

இந்தியாவின் கத்தோலிக்க நலவாழ்வுச் சங்கம் 1943-இல் அருட்சகோதரி மேரி குளோரி என்ற மருத்துவரால் தொடங்கப்பட்டது. இன்று 3,500-க்கும் மேற்பட்ட மருத்துவமனைகளும் மருந்தகங்களும் அதில் இருக்கின்றன. காசநோய்க்கும் தொழுநோய்க்கும் நம் அருட்சகோதரிகள் செய்ததை உலகம் அறியும். அன்று நோயாளியைத் தொடப் பயந்தார்கள். இன்று பருத்தவரைத் தொடப் பயமில்லை, ஆனால் கேலி செய்யத் தயங்குவதில்லை. நம் மருந்தகங்களில் தடித்த கைக்கு ஏற்ற அழுத்தப் பட்டை இருக்கிறதா? சிறிய பட்டையைச் சுற்றினால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும் என்று ஒரு செவிலியர் நமக்குச் சொல்லித்தான் தெரிந்தது. காத்திருக்கும் இடத்தில் கைப்பிடி இல்லாத நாற்காலி ஒன்றாவது உண்டா? சின்னக் காரியங்கள்தாம். உட்கார முடியாத நாற்காலியைப் பார்த்ததும் திரும்பிப் போனவர்களை நமக்குத் தெரியும்.

முகாமிற்குப் பிறகு நம் பங்குப் பேரவையில் இதை வைத்தோம். கூட்டம் அவ்வளவு அமைதியாக நடக்கவில்லை. மறைக்கல்வி வகுப்பில் கிரீம் பிஸ்கட்டுக்குப் பதில் சுண்டல் கொடுக்கலாம் என்றபோது, "பிள்ளைங்க வர்றதே பிஸ்கட்டுக்குத்தான் ஃபாதர்" என்றார் ஓர் ஆசிரியர். அது நம் மறைக்கல்வியைப் பற்றிய வேறொரு தீர்ப்பு. இன்னொரு நாள் பேசுவோம். சுண்டல் வந்தது. முதல் இரண்டு வாரம் பாதி குப்பைக்குப் போனது. மூன்றாம் வாரம் மாங்காயும் தேங்காயும் போட்டார்கள், மிச்சமில்லை. திருவிழா விருந்தில் பிரியாணியைத் தொடக்கூடாது என்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். நாமும் வற்புறுத்தவில்லை. கானாவூருக்குப் போனவரின் சீடர்கள் அல்லவா நாம்! பாட்டில் பானத்தை மட்டும் நிறுத்தி மோர் வைத்தோம்.

தவக்காலத்தைப் பற்றியும் பேச்சு வந்தது. மார்ச் 4 உலக உடல் பருமன் நாள், பெரும்பாலான ஆண்டுகளில் தவக்காலத்திற்குள்தான் வருகிறது. நாற்பது நாள் புலால் விடுகிறோம். அதற்கு ஈடாகப் பஜ்ஜியும் பன்னீர் மசாலாவும் உள்ளே போகின்றன. ஒறுத்தலில் மிச்சமானது பிறருக்குப் போகவேண்டும் என்பது திருச்சபையின் பழைய வழக்கம். அப்படி எண்ணெய்ச் செலவில் மிச்சம் பிடித்ததை உண்டியலில் போடலாம் என்று இளையோர் சொன்னார்கள். செய்து பார்க்கலாம்.

பெரிய வாக்குவாதம் வந்தது கேட்டைப் பற்றி. இந்தச் சுற்றுவட்டாரத்தில் வாகனம் வராத, விளக்கு உள்ள, பெண்கள் பயமின்றி நடக்கத்தக்க வெட்டவெளி நம் கோயில் வளாகம்தான். அதைப் பூசை நேரம் போக மற்ற நேரமெல்லாம் பூட்டி வைத்திருக்கிறோம். காலை ஐந்தரை முதல் ஏழு வரையும், மாலை ஆறு முதல் எட்டு வரையும் திறக்கலாமா? திருட்டு போகும் என்றார் ஒருவர். "நம்ம ஆளுங்க மட்டும்னா சரி" என்றார் இன்னொருவர். நம் ஆட்களுக்கு மட்டும் சர்க்கரை வருகிறதா என்று கேட்டார் மரியாயின் சேனைத் தலைவி. அதோடு முடிந்தது விவாதம். சாவி காவலாளி அண்ணனிடம் இருக்கிறது, அவருக்கு மாதம் ஐந்நூறு கூடுதல். இப்போது காலையில் முப்பது பேர்வரை நடக்கிறார்கள். புர்கா அணிந்த சகோதரிகள் இருவர், சபரிமலைக்கு மாலை போட்ட ஐயா ஒருவர், சில நாட்களில் கெபி முன்னால் நின்று கும்பிட்டுவிட்டுப் போகும் பாட்டி ஒருவர். நாமும் நடக்கிறோம். நம் இடுப்பளவையும் நாடா வைத்துப் பார்த்தோம். சொல்வதற்கில்லை.

அடுத்த முகாமில் எடை இயந்திரத்தை நடுவிலிருந்து எடுத்து மறைக்கல்வி அறைக்குள் வைத்தோம். கதவில் ஒரு திரை. உள்ளே ஒரு பெண் செவிலியர் மட்டும். எடையைச் சத்தமாகச் சொல்லக்கூடாது, சீட்டில் எழுதி மடித்துக் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. வரிசை படிக்கட்டு வரை நின்றது. அந்த அன்பியச் சகோதரியும் நின்றார்.

பீடத்துச் சிறுவன் வீட்டிற்கு நாமே போய் வந்தோம். அவன் அம்மா காப்பி கொடுத்தார், சர்க்கரை குறைவாக. அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். தலையைக் குனிந்துகொண்டு, "பரவால்ல ஃபாதர்" என்றான். அவன் அளவுக்குத் தைத்த அங்கி திருப்பொருள் அறையில் தொங்குகிறது. இன்னும் வரவில்லை.